‘வயசாயிடுச்சு’ என்ற பேச்சும் ஞாபகசக்தியும்



“வயசாயிடுச்சு, உனக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகுது?” என்று வீட்டுப் பெரியவர்களிடம் விளையாட்டாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பேச்சு அவர்களின் ஞாபகசக்திச் சோதனையின் முடிவையே மாற்றிவிடும் என்பது தெரியுமா?

ஆய்வு சொல்வது

இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் 60 முதல் 70 வயதுள்ளவர்கள். சிலரிடம், “இதில் 40 முதல் 70 வயதுக்காரர்கள் இருக்கிறார்கள்” என்று சொல்லி, ‘நாமதான் மூத்தவங்க’ என்று நினைக்க வைத்தார்கள். மற்றவர்களை ‘நாம இளையவங்க’ என்று நினைக்க வைத்தார்கள். பிறகு ஆளுக்கொரு கட்டுரை படித்தார்கள். ஒரு கட்டுரையில் ‘வயதானால் ஞாபகம் மட்டும் குறையும்’ என்றும், இன்னொன்றில் ‘எல்லா அறிவுத்திறனும் குறையும்’ என்றும் இருந்தது.

அதன்பின் மறதி நோய்க்கான மருத்துவச் சோதனை நடந்தது. ‘நாம மூத்தவங்க, எல்லாத் திறனும் குறையும்’ என்று எண்ணியவர்களில் 100-க்கு 70 பேரின் மதிப்பெண், மறதி நோய் என்று சொல்லும் அளவுக்கு இறங்கிவிட்டது. மற்றவர்களில் சராசரியாக 100-க்கு 14 பேர்தான். சில நிமிடப் பேச்சும் படிப்பும் செய்த வேலை இது!

ஏன் இப்படி?

‘தப்பாச் சொல்லிட்டா என்ன நினைப்பாங்களோ’ என்ற பயம் வந்தால் மனசு பாதி அந்தப் பயத்திலேயே போய்விடும். தெரிந்த பதிலும் வாயில் வராது.

நாம் செய்ய வேண்டியது

* டாக்டரிடம் அழைத்துப்போகும்போது, “இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்று அவர்கள் முன்னாலேயே சொல்லாதீர்கள்.
* கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல், அவர்கள் யோசித்துச் சொல்ல நேரம் கொடுங்கள்.
* கண்ணாடி, காதுக் கருவி இருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.
* வீட்டுக் கணக்கு, சமையல் போன்ற பொறுப்புகளை வயதைக் காட்டிப் பிடுங்காதீர்கள்.

கவனம்

மறதி எல்லாமே பயத்தால் வருவது அல்ல. பழகிய வழி தெரியாமல் போவது, தெரிந்த வேலையைச் செய்யத் திணறுவது போன்றவை இருந்தால் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கேலியும் தவறு, அலட்சியமும் தவறு.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் வீட்டுப் பெரியவர்களை எந்தெந்த வார்த்தைகளால் மட்டம் தட்டுகிறோம்?
2. நம் குழுவின் மூத்த உறுப்பினருக்கு என்ன பொறுப்பு கொடுத்திருக்கிறோம்?