தட்டையடிப் படகும் தால் ஏரி வாழ்வும்

படகின் அடி கூர்மையாக இருந்தால்தான் அது நீரைக் கிழித்து நேரே செல்லும் என்பது ஆழ்கடல் அறிந்தோர் கொள்கை. அக்கொள்கையையே அளவுகோலாகக் கொண்டால், அடி தட்டையான மரப்படகு கைத்திறன் முதிராத காலத்தின் எச்சமாகத் தோன்றும். காஷ்மீரத்துச் சிகாராவை ஆராயப் புகின் இவ்வெண்ணம் நில்லாது என்பதே நம் கருத்து.

ஸ்ரீநகரின் தால் ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,580 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைகள் சூழ்ந்திருப்பினும் ஏரி ஆழமற்றது. பல இடங்களில் ஓர் ஆள் உயரம்கூட நீர் இல்லை. தாமரைக் கொடியும் நீர்ப்பாசியும் அடியில் பின்னிக் கிடக்கின்றன. மிதக்கும் தோட்டங்களுக்கு இடையே வாய்க்கால்கள் குறுகி வளைகின்றன. இத்தகைய நீரில் ஆழ அமிழும் கலம் செய்வது என்ன? சேற்றில் தட்டும், கொடியில் சிக்கும். தட்டையடி கொண்டதோ சாண் அளவு நீரிலும் வழுக்கிச் செல்லும். கரைமேட்டில் ஏறி நிற்கும். சுமையை ஏற்றும்போது சாயாது. இரு முனைகளும் கூர்த்து மேலெழுந்திருப்பதால் நெருக்கடியிலும் புகுந்து வெளிவரும். தேவதாரு மரம் தன் எண்ணெய்ப் பசையால் நீரில் எளிதில் உளுத்துப் போவதில்லை. ஆதலின் பலகைக்கு அதனையே தேர்ந்தனர். பின்முனையில் அமர்ந்து வெற்றிலை வடிவான சிறு துடுப்பால் ஒருவரே ஓட்டலாம். ஆண், பெண், சிறுவர் எவரும் துடுப்புப் பிடிப்பர்.

குறை இல்லாமல் இல்லை. காற்று வீசினால் தட்டையடிப் படகு பக்கவாட்டில் ஒதுங்கும். அதனாலேயே பரந்த வூலர் ஏரியைக் கடப்போர் பிற்பகல் காற்று எழுமுன் அக்கரை சேர முற்படுவர். படகின் குறையை நேரம் அறிந்து நிறைவு செய்தனர் என்க.

பேரரசர் அக்பர் 1586இல் காஷ்மீரத்தைக் கைக்கொண்டார். அந்நாட்டில் வணிகம் யாவும் படகையே அச்சாகக் கொண்டு சுழல்வதை அபுல் ஃபஸல் தம் ஆயினே அக்பரியில் குறித்துள்ளார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வண்டிச் சாலை வரும்வரை இந்நிலை பெரிதும் மாறவில்லை. நெல்லும் விறகும் மனிதரும் ஜீலம் ஆற்றின் வழியே சென்றனர்.

இப்படகுகளை ஓட்டியோர் ஹாஞ்சி என்னும் முஸ்லிம் சமூகத்தார். நூஹ் நபி (அலை) அவர்களையே தம் முன்னோராக இவர்கள் உரிமை பாராட்டுவதை வால்டர் லாரன்ஸ் 1895இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். வரலாற்று ஆய்வுக்கு இது சான்றாகாது. எனினும் கலம் செய்யும் தொழிலைத் தாழ்வாகக் கருதாத ஒரு மக்களின் உள்ளத்தை இது காட்டுகிறது. காய்கறி விளைப்போர் டெம்ப் ஹாஞ்சி, சிங்காரக் கொட்டை எடுப்போர் காரி ஹாஞ்சி, மீன் பிடிப்போர் காட் ஹாஞ்சி, மிதந்து வரும் மரம் சேர்ப்போர் ஹாக் ஹாஞ்சி எனத் தொழிலால் பிரிந்தனர். படகுகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தானியம் ஏற்றிய பெரும் படகு பஹட்ஸ். குடும்பமே குடியிருந்த கூரைப் படகு டூங்கா. வெள்ளையர் நிலம் வாங்க இயலாத மன்னராட்சிக் காலத்தில் டூங்காவே விரிந்து இன்றைய படகு வீடாயிற்று.

தமிழர் பலரும் சிகாராவை முதலில் கண்டது 1961இல் வந்த ‘தேனிலவு’ போன்ற படங்களின் வழியே எனலாம். மெத்தையும் திரையும் இட்ட அந்த உல்லாசப் படகைக் கொண்டே சிகாராவை அளப்பது பொருந்தாது. வைகறையில் கீரையும் தாமரைத் தண்டும் நிறைத்துக் கூடும் ஏரிச் சந்தையில் மேற்கூரையற்ற எளிய படகைக் காணலாம். ஹஸ்ரத்பால் பள்ளிக்கு ஜும்ஆ நாளில் ஏரிக் குடியிருப்பினரைச் சுமந்ததும் அதுவே. 2014 செப்டம்பர் பெருவெள்ளத்தில் ஸ்ரீநகரின் தெருக்கள் நீரில் மூழ்கியபோது, ஏரிப் படகோட்டிகள் தம் சிகாராக்களை வீதிகளுக்குள் செலுத்தி மாடிகளில் தவித்தோரை மீட்டனர். வீதி வெள்ளமும் தடைகள் மலிந்தது. ஏரிக்கென அமைந்த அடி அங்கும் உதவிற்று.

இன்று தேவதாருப் பலகையின் விலை ஏறிவிட்டது. படகு செய்யும் தச்சர் மிகச் சிலரே. அவர்தம் பிள்ளைகள் வேறு தொழில் நாடுகின்றனர். ஏரியும் ஆக்கிரமிப்பாலும் கழிவுநீராலும் களைப்பெருக்காலும் சுருங்கியுள்ளது. நெல்லேற்றும் பணி லாரிக்குப் போனபின் பஹட்ஸ் அரிதாயிற்று. டூங்காக்களோ விரல்விட்டு எண்ணும் நிலையை நோக்கிச் செல்கின்றன. அவற்றின் உறுப்புகளுக்கு ஹாஞ்சிகள் வழங்கிய சொற்களை முதியோர் வாயிலாகக் கேட்டுத் தொகுக்கும் பணி, காஷ்மீரி மொழி பயில்வோர் முன் இன்னும் இருக்கிறது.