புளி படாத காசு

ரோமானியச் செப்புக் காசு சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது, எந்தப் பேரரசர், எழுத்து படிக்க முடிகிறதா என்பதைத்தான். நான் இப்போது முதலில் பார்ப்பது காசின் தோலை. தலை தேய்ந்திருந்தாலும், பாட்டினா என்கிற அந்தப் பழமையின் மேற்படலம் நன்றாக இருந்தால் வாங்குவேன். முகம் கூர்மையாக இருந்து தோல் உரிக்கப்பட்டிருந்தால் வேண்டாம்.

என்னிடம் பேரரசர் அந்தோனினஸ் பயஸ் காலத்து செஸ்டர்டியஸ் காசு ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். கிட்டத்தட்ட 25 கிராம். செம்பும் துத்தநாகமும் கலந்த ஓரிகால்கத்தில் அடித்தது, அதனால் புதிதில் மஞ்சளாக மின்னியிருக்கும். இன்றைக்குக் கரும்பச்சை. கன்னமேடும் காதுக்கு மேலே உள்ள முடிச்சுருளும் மட்டும் பழுப்பாகத் தெரிகின்றன. தாடியின் பள்ளங்களில் பச்சை இன்னும் அடர்த்தி. நல்ல தேய்மானம் உள்ள காசுதான். ஆனாலும் இந்த நிற வேறுபாட்டினால் முகம் எழுந்து நிற்கிறது. இதையே ஒரே மஞ்சளாக்கிவிட்டால் மூக்கு எது, கன்னம் எது என்று தேட வேண்டியிருக்கும்.

இந்தப் பச்சை வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கு இல்லை. மண்ணுக்குள் செம்பு முதலில் ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பான கியூப்ரைட் ஆகிறது. அதன்மேல் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் வேலை செய்து மாலகைட் என்ற பச்சைப் படலம் உருவாகிறது. சில காசுகளில் அசுரைட்டின் நீலமும் எட்டிப்பார்க்கும். அதாவது காசின் மேல்பரப்பே இப்படி மாறியிருக்கிறது. அச்சு பதித்த மெல்லிய கோடுகள் இப்போது இருப்பது அந்தப் பச்சைக்குள்தான். அதைக் கரைத்தால் கோடுகளும் போய்விடும். அடியில் குழிவிழுந்த உலோகம்தான் மிஞ்சும்.

அம்மா லண்டன் வந்திருந்தபோது பூஜை விளக்கைத் தேய்த்த கையோடு, "டேய், கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமேடா" என்றாள். ஆகும், அதுதான் பயம். புளியோ எலுமிச்சையோ வினிகரோ, அமிலம் எதுவானாலும் முதலில் கரைப்பது இந்தப் பச்சையைத்தான். செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரைப் பற்றியிருக்கிறது என்கிறது சைவ சித்தாந்தம். அந்தக் களிம்பு போகட்டும், காசில் இருப்பது இருக்கட்டும்.

மண் அப்பிய கான்ஸ்டன்டைன் காலத்துச் சின்னக் காசுகள் மொத்தமாகக் கிடைக்கும். கற்றுக்கொள்ள அவைதான் சரி. காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு அடிக்கடி நீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், வேண்டாம். வாரக்கணக்கில் ஆகும். இளகிய மண்ணை மென்மையான பல்துலக்கியாலும் மூங்கில் பல்குத்தியாலும் எடுங்கள். வழவழப்பான பச்சையோ பழுப்போ தென்பட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான காசுகள் கெட்டுப்போவது 'இன்னும் கொஞ்சம்' என்ற ஆசையில்தான்.

மஞ்சளாக இருப்பதெல்லாம் தேய்த்த காசு என்றும் சொல்ல முடியாது. ரோமின் டைபர் ஆற்றுச் சேற்றில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த செஸ்டர்டியஸ்கள் பச்சை பிடிக்காமல் பொன்னிறத்திலேயே வெளிவந்திருக்கின்றன. அழகுதான். ஆனால் அமிலத்தில் போட்டெடுத்ததை 'டைபர்' என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அமிலம் பட்டதில் ஊசிக்குழிகளும் வெளிறிய சிவப்பும் தெரியும்.

போலிப் பாட்டினாவும் தாராளமாகப் புழங்குகிறது. இயற்கையான பச்சை மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் தடித்தும் இருக்கும். எங்காவது சிறிது உதிர்ந்திருந்தால் அடியில் கியூப்ரைட்டின் சிவப்பு தெரியும். பூசியது எழுத்துகளின் ஓரத்தில் தேங்கி நிற்கும், சில சமயம் குமிழியும் விட்டிருக்கும். பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஓரத்தில் ஒற்றினால் பெரும்பாலும் சாயம் வெளுத்துவிடும். சிரியா, ஜோர்தான் பக்கத்துக் காசுகளில் பள்ளங்களில் வெளிர் மணல் நிரம்பி உருவத்தை எடுத்துக்காட்டும்; சேகரிப்பாளர்களுக்கு அதன்மேல் தனி மோகம். மோகம் இருக்கும் இடத்தில் பசையில் குழைத்து மணல் ஒட்டும் ஆட்களும் இருப்பார்கள். அதற்கும் அசிட்டோன் சோதனைதான்.

பச்சை என்பதற்காக எல்லாவற்றையும் கொஞ்ச வேண்டாம். வெளிர்பச்சையில் பொடிப்பொடியாக, பல்குத்தியால் தொட்டால் உதிர்வது 'வெண்கல நோய்'. உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, காசை உள்ளிருந்து அரிக்கிறது. அப்படி ஒன்றைக் கண்டதும் மற்றவற்றிலிருந்து பிரித்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சென்னை மாதிரி கடலோர ஊரில் இந்தக் கவலை இன்னும் அதிகம். பி.வி.சி. உறைகளையும் தவிர்த்துவிடுங்கள், நாளடைவில் அவையே பிசுபிசுப்பான பச்சையை விட்டுவிடும்.

வெள்ளித் தெனாரியஸில் கறுப்பும் சாம்பலுமாக வரும் மெருகும் அழகுதான், அதையும் துடைக்காதீர்கள். தங்கம் பொதுவாக மாறாது. ஆனால் வெசுவியஸ் அடிவாரத்தில் போஸ்கோரியாலேயில் 1895இல் கிடைத்த புதையலின் தங்கக் காசுகளில் ஒரு செந்நிறச் சாயல் உண்டு. அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பைக்கு எட்டாத சங்கதி.

வாங்கும்போது படத்தை மட்டும் நம்பாதீர்கள். வெளிச்சத்தைத் திருப்பி வைத்தால் மங்கிய காசும் பளிங்காகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துச் சாய்த்து எடுத்த சின்ன வீடியோ ஒன்று கேளுங்கள். விளிம்பையும் காட்டச் சொல்லுங்கள், பூச்சு வேலை செய்கிறவர்கள் அங்கேதான் அசட்டையாக விட்டிருப்பார்கள்.