பங்காளியும் கூட்டாளியும்: பழனிமலை வாழ்வை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

முன்னுரை

ஒரு மொழியின் வளம் அதன் சொற்பெருக்கத்தால் மட்டும் அமைவதன்று. நெருங்கிய பொருளுடைய சொற்களிடையே அம்மொழி பேணிவரும் நுண்ணிய வேறுபாட்டாலும் அமைவதாகும். மனிதரை மனிதரோடு பிணைக்கும் உறவுச் சொற்களில் இவ்வேறுபாடு பெரிதும் கருதத்தக்கது. பொருள்களின் பெயரை மாற்றிச் சொன்னால் கேட்போர் நகைப்பர். உறவின் பெயரை மாற்றிச் சொன்னாலோ உரிமையும் கடமையும் இடம் மாறிவிடும்.

'பங்காளி', 'கூட்டாளி' என்னும் இரு சொற்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றைப் பலர் சேர்ந்து உடைமையாகக் கொள்ளும் நிலையைக் குறிப்பன. மொழிபெயர்ப்பு நூல்களிலும் செய்தித்தாள்களிலும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்து அமர்வதைக் காண்கிறோம். ஈழத்துச் செய்தித்தாள்கள் ஆட்சியில் இணைந்துள்ள கட்சிகளைப் 'பங்காளிக் கட்சிகள்' என்று எழுதுகின்றன. தமிழகத்தில் அவற்றையே 'கூட்டணிக் கட்சிகள்' என்கிறோம். இவ்விரு சொற்களும் உண்மையில் ஒன்றுதாமா என்பதைச் சொல்லமைப்பு, வழக்கு, சட்டம் ஆகிய மூன்றன் துணையோடும், பழனிமலை வாழ்விலிருந்து சில சான்றுகளோடும் காண்போம்.

சொல்லமைப்பு

'ஆள்' என்னும் வினையடியிற் பிறந்த 'ஆளி' என்னும் இறுதி, ஆள்பவர், உடையவர் என்னும் பொருள் தருவது. முதலாளி, தொழிலாளி, அறிவாளி, கடனாளி, நோயாளி என்பன இவ்வாறு அமைந்தவை. நோயை உடையவர் நோயாளி. கடனை உடையவர் கடனாளி. அவ்வாறே பங்கை உடையவர் பங்காளி. கூட்டை உடையவர் கூட்டாளி.

இறுதி ஒன்றாயினும் முதற்பகுதிகள் எதிரெதிர்த் திசை நோக்குகின்றன. 'பங்கு' என்பது 'பகு' என்னும் வினையோடு தொடர்புடையது; பகுதி, பகிர்வு, பகை என்பனவும் அவ்வினத்தைச் சார்ந்தனவே. 'கூட்டு' என்பதோ 'கூடு' என்னும் வினையின் வழி வந்தது. முன்னது பிரித்தலைச் சொல்வது. பின்னது சேர்த்தலைச் சொல்வது.

இங்கே ஒரு வியப்பு தோன்றுகிறது. ஒரே குருதியிற் பிறந்து ஒரே கூரையின்கீழ் வளர்ந்தோரைக் குறிக்கத் தமிழ் தேர்ந்துகொண்ட சொல் பிரிவினையிற் பிறந்தது. எங்கோ பிறந்து எங்கோ வளர்ந்து இடையில் வந்து சேர்ந்தோரைக் குறிக்கும் சொல்லோ கூடுதலிற் பிறந்தது. 'கூட்டுக் குடும்பம்' என்கிறோம்; அக்குடும்பத்தின் ஆடவரைக் கூட்டாளிகள் என்பதில்லை, பங்காளிகள் என்றே சொல்கிறோம். நிலத்துக்குக் 'கூட்டுப் பட்டா' இருக்கும் நாளிலும் அதற்குரியோர் பங்காளிகளே. இன்று சேர்ந்திருப்போரை நாளை நேரவிருக்கும் பிரிவினையைக் கொண்டு பெயரிட்டழைக்கும் சொல் அது.

வழக்கு

வழக்காற்றில் பங்காளி என்போர் தந்தைவழியில் ஒரு குடியிற் பிறந்தோர். பாகப்பிரிவினை முடிந்து, வரப்பு போட்டு, அடுப்பு வேறாகிய பின்னரும் அவர்கள் பங்காளிகளே. பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. பங்காளி வீட்டு இறப்பின் தீட்டு அனைவர்க்கும் உண்டு. சொத்து பிரிந்தாலும் முறை பிரிவதில்லை. அருகிருப்பவனின் உயர்வு கண்டு புழுங்குவதைப் 'பங்காளிக் காய்ச்சல்' என்பது நம் மக்கள் வழக்கு. 'கூட்டாளிக் காய்ச்சல்' என்றொரு தொடர் தமிழில் இல்லை என்பது சிந்திக்கத்தக்கது. ஒரே பொருளிலிருந்து தனக்குரிய துண்டை எதிர்நோக்கி நிற்போரிடையேதான் அக்காய்ச்சல் பிறக்கிறது.

கூட்டாளி என்போர் ஒரு செயலின்பொருட்டு விரும்பிச் சேர்ந்தோர். தென்மாவட்டக் கடற்கரை ஊர்களிலும் ஈழத்திலும் இச்சொல் 'நண்பன்' என்னும் பொருளிலேயே வழங்குகிறது. கடைவீதியில் அது வணிகத்தில் முதலோ உழைப்போ இட்டுச் சேர்ந்தவரைக் குறிக்கும். காவல்துறைச் செய்திகளில் 'கொள்ளையனின் கூட்டாளி' என்றும் வரும். நட்பு, வணிகம், குற்றம் ஆகிய மூன்றுக்கும் பொதுவாவது ஒன்று உண்டு: சேர்ந்தவர் தம் விருப்பத்தாற் சேர்ந்தார் என்பது. ஆகவேதான் கூட்டாளி செய்த குற்றத்துக்கு நாமும் விடை சொல்ல வேண்டியவராகிறோம். பங்காளி செய்த குற்றத்துக்கு நம்மை எவரும் பிணைப்பதில்லை.

சட்டம் காட்டும் எல்லை

மக்கள் வழக்கு உணர்ந்த இவ்வேறுபாட்டை 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தெளிவாக வரையறுத்துள்ளது. கூட்டாண்மை என்னும் உறவு ஒப்பந்தத்தால் தோன்றுவதேயன்றிப் பிறப்பால் வாய்த்த நிலையால் தோன்றுவதன்று என்பது அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு கூறும் கருத்து. பிரியாத இந்துக் குடும்பத்தினர் தம் குடும்பத் தொழிலைச் சேர்ந்து நடத்தினும், அதனாலேயே அவர்கள் கூட்டாளிகள் ஆகிவிடார் என்றும் அப்பிரிவு விளக்குகிறது. ஒரே கடையில் ஒரே கல்லாவில் அமர்ந்திருப்பினும் அண்ணன் தம்பியர் பங்காளிகளாக இருக்கலாம்; கூட்டாளிகளாக இல்லாதிருக்கலாம்.

முடிவிலும் பொறுப்பிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. காலவரை குறிக்காது விருப்பத்தளவில் நடைபெறும் கூட்டாண்மையை ஒருவர் எழுத்துவழி அறிவிப்பினால் கலைத்துவிடலாம். மாறான உடன்பாடு இல்லையெனில் ஒருவர் இறந்தாலும் அது கலையும். பங்காளி உறவோ இறப்பால் கலைவதன்று. மகன் வழி, பேரன் வழித் தொடர்வது. குடும்ப வணிகத்தின் கடனுக்கு, தாமே ஒப்பந்தத்தில் சேராத பங்காளி தம் பங்கின் அளவுக்கே பொறுப்பாவார். கூட்டாளியோ நிறுவனத்தின் கடன் முழுமைக்கும் பிறரோடு சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாவார். விரும்பி ஏற்ற உறவு பிறப்பால் வந்த உறவினும் மிகுந்த சுமையைத் தோள்மேல் ஏற்றுகிறது என்பது ஈண்டு நாம் அறியும் உண்மை.

இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது 'பங்குதாரர்' என்னும் சொல். 'தார்' என்பது பாரசீக இறுதி. மிராசுதார், ஜமீன்தார் என்பவற்றிலும் அது காணப்படும். ஒரு பெருநிறுவனத்தின் பங்குதாரர் பிற பங்குதாரரை வாழ்நாளில் ஒருமுறையும் கண்டிராதிருக்கலாம். அவரிடம் பங்கு உண்டு. குடியும் இல்லை, கூட்டும் இல்லை.

இசுலாமிய வாரிசுரிமை முறையை ஒப்பிட்டு நோக்கின் இச்சொற்களின் எல்லை மேலும் விளங்கும். அம்முறையில் முன்னோர் சொத்தின்மீது பிறப்பினாலேயே எவர்க்கும் உரிமை எழுவதில்லை. உடையவர் இறந்த பின்னரே வாரிசுகளின் பங்கு எழுகிறது. மகளுக்கும் வரையறுத்த பங்கு உண்டு. எனவே பிறவி உரிமையாளர் என்னும் பொருளில் பங்காளி என்னும் சொல் அங்கே பொருந்துவதில்லை. கூட்டாளி என்னும் சொல்லுக்கோ நிறைந்த இடம் உண்டு. ஒருவர் முதலீட, மற்றவர் உழைப்பீட, ஊதியத்தை உடன்பட்ட விகிதத்திற் பகிரும் முறையை 'முளாரபா' என்பர். உழைப்பவர் தவறிழைக்காத நிலையில் முதலில் நேரும் இழப்பு முதலிட்டவரையே சாரும்; உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார்.

மலைநிலமும் பங்காளியும்

சங்க நூல்களில் பொதினி எனப்பெறும் பழனியை அடுத்து தெற்கில் விரிந்து கிடப்பது பழனிமலைத் தொடர். அதன் மேல்மலை ஊர்களாகிய பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலியவற்றில் நிலம் என்பது சமவெளியில் உள்ளதுபோல் பரந்து கிடப்பதன்று. சரிவை வெட்டிப் படிப்படியாக அமைத்த துண்டுகளே நிலம். அத்தகைய இடத்தில் ஒரு படியைப் பகுப்பதும் எளிதன்று, பகுத்த துண்டைக் கொண்டு வாழ்வதும் எளிதன்று. எனவே நிலம் எக்குடியிடம் நிற்கும் என்பது அங்கே உயிர்நிலையான கேள்வி.

1868இல் மதுரை நாட்டைப் பற்றிய கையேட்டை எழுதிய நெல்சன், பழனிமலைக் குன்னுவரிடையே அந்நாளில் நிலவிய ஒரு வழக்கத்தைப் பதிவுசெய்துள்ளார். ஆண்மகவு இல்லாத வீட்டின் நிலம் வேற்றுக் குடிக்குச் சென்றுவிடாதபடி, மகளைப் பிறந்த வீட்டிலேயே நிறுத்தி, அவள் வயிற்றுப் பிள்ளைக்கு நிலம் சேருமாறு செய்தனர் என்பது அப்பதிவின் சாரம். நிலத்தைக் காக்கும் வாயிலாக மகள் அமைந்தாள். பங்காளியாக அவள் எண்ணப்படவில்லை.

இங்கே இலக்கணம் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. 'ஆளி' இறுதி பெற்ற சொற்கள் ஆண், பெண் இருபாலுக்கும் பொதுவானவை. அறிவாளி வந்தான் எனலாம், வந்தாள் எனவும் ஆம். ஆகவே 'பங்காளி' என்னும் சொல்லின் அமைப்பு பெண்ணை என்றும் விலக்கவில்லை, விலக்கியது வழக்கமே. தமிழ்நாடு 1989ஆம் ஆண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதற்குமுன் மணமாகாத மகளைப் பிறப்பாலேயே பங்குரிமை உடையவள் ஆக்கியது. 2005ஆம் ஆண்டின் நடுவண் திருத்தம் மணமான மகள், மணமாகாத மகள் என்னும் வேறுபாட்டையும் நீக்கியது. அவ்வுரிமைக்குத் தந்தை 2005இல் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. இலக்கணம் என்றோ திறந்து வைத்திருந்த கதவைச் சட்டம் நெடுங்காலம் கழித்தே திறந்தது எனலாம். இன்றும் 'பங்காளிகள் கூடிப் பேசினர்' என்று கேட்கும்போது நம் மனக்கண்ணில் ஆடவரே தோன்றுவராயின், மாற வேண்டியது சொல்லன்று, நம் நோக்கே.

தொழிற்கூடமும் கூட்டாளியும்

கொடைக்கானலின் அண்மைக்கால வரலாறு மற்றோர் உறவைக் காட்டுகிறது. அமெரிக்க நாட்டு வாட்டர்டவுன் நகரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டு, அதன் இயந்திரங்கள் கொடைக்கானலுக்கு வந்தன. பாண்ட்ஸ் நிறுவனத்தின்கீழ் 1980களில் தொடங்கிய அத்தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருட் கிடங்கில் இருப்பது 2001 மார்ச்சில் வெளிப்பட்டு, மக்கள் கிளர்ந்தெழுந்ததையடுத்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு உயர் நீதிமன்றம் சென்றனர். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உதவித்தொகை வழங்க உடன்பாடு கையெழுத்தாயிற்று. தொழிலாளரின் நோய்களுக்குத் தொழிற்சாலையே காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. மனிதநேய அடிப்படையிலேயே வழங்குவதாகக் கூறியது.

இத்தொழிலாளர்கள் ஒருவர்க்கொருவர் யாவர்? ஒரு குடியிற் பிறந்தவரல்லர். எனவே பங்காளிகள் அல்லர். அவர்கள் உடன்பாடு செய்துகொண்டது நிறுவனத்தோடேயன்றித் தமக்குள் அன்று. எனவே வேலைக்குச் சேர்ந்த நாளில் அவர்கள் கூட்டாளிகளும் அல்லர். உடன்பணியாளர் என்பதே அந்நாளுக்குரிய பெயர். வாயில் மூடப்பட்டதும் உடன்பணி முடிந்தது. கூலியும் நின்றபின், சேர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமற்ற நிலையில், பதினைந்து ஆண்டுகள் ஒரு வழக்கின்பொருட்டு அவர்கள் சேர்ந்தே நின்றனர். அந்நாளில்தான் அவர்கள் கூட்டாளிகள் ஆயினர் எனலாம். பணி தந்த உறவு பணியோடு முடிய, விருப்பத்தால் ஏற்ற உறவு அதன்பின் தொடங்கியது.

மலைப்பூண்டு சொல்லும் செய்தி

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாட்சி மலைவாழைக்கு அதற்கு முன்னரே கிடைத்துவிட்டது. இவ்வுரிமையைத் தனியொருவர் விற்கவோ பிறர்க்குக் கைமாற்றவோ சட்டம் இடந்தருவதில்லை. வரையறுத்த நிலப்பகுதியில் முறைப்படி விளைவிப்போர் பதிவுபெற்று அப்பெயரைப் பயன்படுத்தலாம். எத்தனை பேர்க்குச் சென்றாலும் பகுத்துத் தேயாத உடைமை இது. ஒருவர் கலப்படம் செய்யின் அனைவர் பெயரும் கெடும். பகுக்க இயலாததிற் பங்காளிக் காய்ச்சலுக்கு இடமில்லை. ஒருவர் பிழை அனைவரையும் சாரும் இடத்தில் கூட்டாளியின் பொறுப்பு வந்துவிடுகிறது. ஒரே ஊரில், ஒரே படிநிலத்தில், மண்ணைப் பொறுத்துப் பங்காளியாக நிற்பவரே பூண்டின் பெயரைப் பொறுத்துக் கூட்டாளியாக நிற்க வேண்டியிருக்கிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். பங்காளி பிறப்பால் அமைபவர். கூட்டாளி உடன்பாட்டால் அமைபவர். பங்காளிக்கு முன்னோர் வைத்துச் சென்ற பொருள் அடிப்படை. கூட்டாளிக்கு இனிச் செய்யவிருக்கும் செயல் அடிப்படை. பங்காளி பிரிந்தபின்னும் பங்காளியே. கூட்டாளி பிரிந்தபின் கூட்டாளி அல்லர். பங்காளியிடம் கேட்கத்தக்கது 'எனக்குரியது எவ்வளவு?' என்பது, கூட்டாளியிடம் கேட்கத்தக்கது 'நாம் செய்ய வேண்டியது யாது?' என்பது.

ஆகவே மொழிபெயர்ப்போரும், விண்ணப்பமும் ஆவணமும் எழுதுவோரும், செய்தி வரைவோரும் இவ்விரு சொற்களை இடமறிந்து ஆளுதல் வேண்டும். வணிகம் செய்யச் சேர்ந்தவரைப் பங்காளி என எழுதுவது, உடன்பாட்டை மறைத்து இல்லாத குடியுறவைப் புகுத்துவதாகும். உடன்பிறந்தாளைப் பங்காளிகள் வரிசையில் எழுதாது விடுவதோ, சட்டம் தந்த உரிமையை எழுத்தாற் பறிப்பதாகும். சொற்பிழை என்று எளிதாகக் கருதப்படுவது ஒருவரின் நிலத்தையும் வாழ்வையும் தொடும் பிழையாகக் கூடும். தமிழ் பயிலும் மாணவர்கள் சொல்லின் எல்லையறிந்து எழுதப் பழகுவாராயின், அது மொழிக்குச் செய்யும் தொண்டாவதோடு நீதிக்குச் செய்யும் தொண்டும் ஆகும்.