ஆற்றுத்திட்டில் ஓர் இரவு: புறப்படுமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

ஆடி பிறந்துவிட்டால் அந்தியூர் மக்களுக்கு வெளியில் தங்குவது புதிதன்று. குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்கும் குதிரை, மாட்டுச் சந்தைக்கும் வருவோர் குடும்பத்தோடு மரத்தடியில் சமைத்து உண்டு, திறந்த வெளியில் படுத்துறங்குவது நெடுநாளைய வழக்கம். அண்மை ஆண்டுகளில் இளைஞர்கள் கூடாரங்களுடன் காவிரியின் நடுத்திட்டுகளை நாடத் தொடங்கியுள்ளனர். பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லலாமா என்று எம்மிடம் கேட்போரும் உளர். செல்லலாம், ஆனால் எந்த மாதம், எந்த இடம், எவரெவர் என்பதைப் பொறுத்தே எமது விடை அமையும்.

ஆற்றிடைக்குறை, துருத்தி, அரங்கம் என்று ஆற்றுத்தீவுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. ஈரோட்டை அடுத்த காங்கயம்பாளையத்தில் ஆற்றின் நடுவே நட்டாற்றீசுவரர் கோயில் நிற்கும் பாறைத்திட்டை நம்மில் பலர் கண்டிருப்பர். அது பகலில் வழிபட்டுத் திரும்புவதற்குரிய இடம். தங்குவதற்கென இளைஞர்கள் தேடுவது பெரும்பாலும் பெயரற்ற மணல்திட்டுகளையே. இடர் மிகுந்தவையும் அவையே.

மேட்டூர் அணை 120 அடியை எட்டியபின் வரும் உபரிநீர் கீழே விடப்படும். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு வந்த வெள்ளம் பவானி, ஈரோடு கரையோரக் குடியிருப்புகளுக்குள்ளேயே புகுந்தது. வெள்ளம் இல்லாத நாளிலும் ஆறு ஒரே நிலையில் இருப்பதில்லை. நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை முதலிய கதவணை மின்நிலையங்களில் மதகு திறக்கப்பட்டால், வானில் ஒரு மேகமும் இல்லாத இரவில்கூடக் கணுக்கால் அளவு நீர் இடுப்பளவாகிவிடும். ஆகவே ஆடி முதல் மார்கழி வரை திட்டுகளில் இரவு தங்குவதை நாம் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. பாசன நீர்த்திறப்பு வழக்கமாக ஜனவரி 28-ஆம் நாள் நிறைவுறும். அதன்பின் மாசி, பங்குனியில் ஆறு ஒடுங்கியிருக்கும். அப்போதும் பகலைத் திட்டில் கழித்து, கூடாரத்தை மேட்டுக்கரையில் அமைப்பதே அறிவுடைமை. பரிசல் ஓட்டுவோரையும் மீனவரையும் கேட்காமல் ஆற்றில் இறங்க வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்களும் சுழல்களும் எங்குள்ளன என்பதை அவர்களே அறிவர். காட்டுப்பக்கம் செல்ல விழைவோர் வனத்துறையின் இசைவின்றித் தங்கலாகாது. அந்தியூர், கோபி வட்டக் காடுகள் இப்போது தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம். பர்கூர் மலைச்சரிவுகளில் யானை நடமாட்டமும் உண்டு.

இனி உடல்நிலையைப் பார்ப்போம். வலிப்பு நோய்க்கு மருந்து உண்போர் ஆற்றில் தனியே இறங்கவே கூடாது. கண்விழிப்பு வலிப்பைத் தூண்டும் என்பதால், விடிய விடியப் பேசிக்கொண்டிருப்பதும் அவர்களுக்கு ஏற்றதன்று. சர்க்கரை நோயாளர் மணலில் வெறுங்காலுடன் நடக்கலாகாது. உணர்வு குன்றிய பாதத்துக்குச் சுடுமணலும் தெரியாது, கிளிஞ்சல் கீறியதும் தெரியாது. இன்சுலினை வண்டியின் முகப்புப் பெட்டியில் வைத்தால் வெயிலில் கெட்டுவிடும். நீர் புகாத டப்பாவில் இட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். பனிக்கட்டியின்மேல் நேரே வைத்து உறையவிடுவதும் தவறே. ஊசி போட்டுக்கொண்டபின் சமையல் தாமதமாவது இத்தகைய பயணங்களில் இயல்பு. எனவே உணவு கைக்கு வந்தபின்னரே ஊசி. மயக்கம், வியர்வை, நடுக்கம் தோன்றினால் உடனே உண்ணச் சர்க்கரையும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஆற்றுநீரைக் கொதிக்க வைத்தால் போதாதா என்பர். கொதி கிருமியைக் கொல்லும், சாயக்கழிவை நீக்காது. பவானி, குமாரபாளையம், ஈரோடு பகுதிகளில் ஆற்றில் கலப்பது எது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர், சமையலுக்குத் தனி. நம் ஊர்ப்பிள்ளைகள் பலர் பணிபுரியும் சிங்கப்பூரில், நகரை ஒட்டிய புலாவ் உபின் தீவில் கூடாரமிடச் செல்வோரும் குடிநீரைச் சுமந்தே படகேறுகின்றனர்.

பாம்புக்கடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. தரையில் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் இரவில் கடிக்கும். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இராது. பல்தடம்கூடத் தெரியாமற் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலியும் வாந்தியும் வரும். ‘இரவு உண்டது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சோடா வாங்கிக் கொடுத்துவிடுவர். பின்னர் இமைகள் தொங்கும், விழுங்க இயலாது, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். தரையில் உறங்கியவருக்குக் காலையில் வயிற்றுவலியுடன் இமை சோர்ந்தால் பாம்புக்கடி என்றே கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கட்டில் கிடைத்தால் நன்று. இல்லையேல் கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் நன்கு செருகிக்கொண்டு உறங்குங்கள். இரவில் எழுந்தால் டார்ச் விளக்கு கட்டாயம்.

கடித்துவிட்டால் இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, வேர் அரைத்துக் கொடுப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ கொண்டு செல்லுங்கள். நஞ்சுமுறி மருந்து அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. அம்மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது என்பதைக் குதிரைச்சந்தை காணும் நம் ஊரார் அறிந்துவைத்தல் தகும். பாம்பை அடித்துக் கொண்டுவருவதில் காலம் போக்க வேண்டாம். நாற்பெரும் நச்சுப் பாம்புகளுக்கும் மருந்து ஒன்றே.

நீரில் ஒருவர் தத்தளித்தால், நீச்சல் தெரிந்தவரும் குதிப்பதற்குமுன் கயிறோ வேட்டியோ வீசிப் பார்க்க வேண்டும். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவது அரிதன்று. மது அருந்தியவரை ஆற்றில் இறங்க விடாதீர்கள்.

திரும்பி வந்தபின்னும் மூன்று, நான்கு வாரம் கருத்தாக இருங்கள். புதர் ஓரம் படுத்தவருக்குச் சிற்றுண்ணி கடித்து உண்ணிக்காய்ச்சல் வரலாம். அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் பீடி சுட்டாற்போல் ஒரு கரும்புண் காணப்படும். தேங்கிய நீரில் புண்ணுள்ள காலுடன் நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். கண் சிவத்தல், கெண்டைக்கால் வலி, மஞ்சள் நிறம் ஆகியவை அதன் அறிகுறிகள். தொடக்கத்திலேயே கண்டால் இரண்டும் எளிய மருந்தில் தீருபவை; தாமதித்தால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பற்றுபவை. காய்ச்சலுடன் வருவோர், எங்கே எந்த நாளில் தங்கினோம் என்பதை நாம் கேட்குமுன்னரே சொல்லிவிடுங்கள். கரும்புண்ணைக் காட்ட நாணவும் வேண்டாம்.