அப்டேட்டர் கையில வீட்டுச் சாவி: ஜூம் கேஸ் சொல்லித் தர்ற பாடம்



இந்த வார எபிசோட்ல 'பிரிவிலேஜ் எஸ்கலேஷன்' பத்திக் கொஞ்சம் வேகமா பேசிட்டுப் போயிட்டோம். காதால கேட்டு மட்டும் புரிஞ்சுக்கக் கஷ்டமான விஷயம் இது. அதனால படிப்படியா இங்க எழுதுறேன். கோடிங் தெரியணும்னு அவசியம் இல்ல.

1. ரெண்டு விதமான அதிகாரம்

உங்க லேப்டாப்ல சாதாரண யூசருக்கு ஒரு எல்லை இருக்கு. தன்னோட ஃபைல்களைத் திறக்கலாம், பிரவுசர் ஓட்டலாம், அவ்வளவுதான். அதுக்கு மேல எதையும் மாத்தக்கூடிய உச்ச அதிகாரம் ஒண்ணு இருக்கு. மேக்லயும் லினக்ஸ்லயும் அதுக்குப் பேரு 'ரூட்', விண்டோஸ்ல 'சிஸ்டம்'. சாதாரண அதிகாரத்தோட உள்ள வந்த ஒருத்தர் உச்ச அதிகாரத்தைப் பிடிச்சுக்கிறதுதான் பிரிவிலேஜ் எஸ்கலேஷன்.

ஏன் இது முக்கியம்? தெரியாம ஒரு மோசமான அட்டாச்மெண்டைத் திறந்துட்டீங்கன்னு வைங்க. அதுல வர்ற மால்வேர் முதல்ல உங்க அதிகாரத்துலதான் ஓடும். ரூட் கிடைச்சுட்டா நிலைமையே வேற. அதே கம்ப்யூட்டர்ல இருக்கிற மத்தவங்க ஃபைல்களைப் பார்க்கலாம், பாதுகாப்பு சாஃப்ட்வேரை நிறுத்தலாம், ரீஸ்டார்ட் பண்ணினாலும் போகாதபடி ஆழமா ஒளிஞ்சுக்கலாம்.

2. அப்டேட்டருக்கு ஏன் இவ்வளவு அதிகாரம்?

ஒரு ஆப்பை முதல் தடவை இன்ஸ்டால் பண்ணும்போது பாஸ்வேர்ட் கேக்கும். அப்புறம் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பாஸ்வேர்ட் கேட்டா, நம்ம அம்மா அப்பா "அப்புறம் பார்க்கலாம்"ங்கிற பட்டனைத்தான் அழுத்துவாங்க. நாமளும் அப்படித்தான். அதனால நிறைய ஆப்கள், முதல் தடவை கிடைச்ச அனுமதியை வெச்சு, ஒரு சின்ன உதவி ப்ரோக்ராமை உச்ச அதிகாரத்தோட பின்னணியில விட்டுட்டுப் போகுது. அதுக்கு அப்புறம் யாரையும் கேக்காம அப்டேட் நடக்கும்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனா அந்த உதவியாள் கையில இப்ப வீட்டுச் சாவி இருக்கு. "இந்தப் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணு"ன்னு யாராவது சொன்னா, அது உண்மையிலேயே கம்பெனி அனுப்பினதுதானான்னு அது எப்படித் தெரிஞ்சுக்குது? மொத்தப் பாதுகாப்பும் இந்த ஒரு கேள்வியிலதான் நிக்குது.

3. ஜூம்ல என்ன நடந்தது?

லாக்டவுன் காலத்துல தமிழ் ஸ்கூல்ல இருந்து பாட்டு கிளாஸ் வரைக்கும் எல்லாமே ஜூம்லதான் நடந்தது. அப்போ வீட்டு மேக்ல போட்ட ஜூம் இன்னும் பல வீட்ல அப்படியே கிடக்கும். அந்த மேக் பதிப்போட அப்டேட்டரைத்தான் பேட்ரிக் வார்டில்ங்கிற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஆராய்ஞ்சார். கண்டுபிடிச்சதை 2021 டிசம்பர்ல ஜூம்கிட்ட சொன்னார். 2022 ஆகஸ்ட்ல, லாஸ் வேகஸ்ல நடந்த டெஃப் கான் மாநாட்டுல வெளிப்படையா பேசினார்.

முதல் ஓட்டை இதுதான். அப்டேட்டர் ரூட் அதிகாரத்துல ஓடுது. இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி பேக்கேஜ்ல ஜூமோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கான்னு பார்க்குது. இதுவரைக்கும் சரி. கையெழுத்தைப் பார்க்க மேக்லயே ஒரு கருவி இருக்கு. அது தன் பதிலை எழுத்தா அச்சடிச்சுத் தரும்: மேல ஃபைலோட பேரு, கீழ கையெழுத்து இருக்கா, யாரோட சான்றிதழ்ங்கிற விவரம். ஜூமோட கோட் அந்த எழுத்துல சான்றிதழ்களோட பேர் எங்கயாவது வருதான்னு தேடிச்சு. வந்தா பாஸ்.

ஓட்டை தெரியுதா? ஃபைலுக்கே அந்தச் சான்றிதழ் பேரை வெச்சுட்டா? "கையெழுத்து இல்லை"ன்னு கருவி தெளிவா சொல்லும். ஆனா மேல ஃபைல் பேர்லயே தேடின வார்த்தைகள் இருக்கு. அப்டேட்டர் கதவைத் திறந்துடும். கவர் மேல "கலெக்டர் கையெழுத்து போட்டது"ன்னு எழுதியிருக்கிறதைப் பார்த்துட்டு, கவரைப் பிரிக்காமலே உள்ள விட்ட வாட்ச்மேன் கதை மாதிரி.

ஜூம் திருத்தம் கொண்டு வந்தாங்க. அதுலயும் தப்பு இருந்தது, வார்டில் அதையும் சொன்னார். மாநாட்டுக்குச் சில வாரம் முன்னாடி இன்னொரு திருத்தம் வந்தது. இந்தத் தடவை கையெழுத்துப் பிரச்சினை சரியாயிடுச்சு. கூடவே, பேக்கேஜை ரூட்டுக்குச் சொந்தமான ஒரு ஃபோல்டருக்கு மாத்திட்டுத்தான் இன்ஸ்டால் பண்ணாங்க. அந்த ஃபோல்டர்ல சாதாரண யூசர் புதுசா எதுவும் போட முடியாது, இருக்கிறதை அழிக்கவும் முடியாது.

ஆனா யூனிக்ஸ் வகை சிஸ்டம்கள்ல ஃபோல்டரோட அனுமதி வேற, ஃபைலோட அனுமதி வேற. ஒரு ஃபைலை வேற ஃபோல்டருக்கு நகர்த்தினா, யார் அதுல எழுதலாம்ங்கிற பழைய அனுமதி கூடவே போகும். அதனால சாதாரண யூசர் அந்த ஃபைலுக்குள்ள இருக்கிறதை இன்னும் மாத்த முடிஞ்சது. பெட்டியை லாக்கர் ரூம்ல வெச்சாச்சு, பெட்டியோட சாவியை மட்டும் பழைய ஆள்கிட்ட இருந்து வாங்கல. சோதனை முடியற வரைக்கும் நல்ல பேக்கேஜ். முடிஞ்ச உடனே, இன்ஸ்டால் ஆகறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கிறதை மாத்திட்டா ரூட் அதிகாரம் கையில.

வார்டில் பேசின அடுத்த நாளே, ஆகஸ்ட் 13ஆம் தேதி, ஜூம் 5.11.5 பதிப்பை வெளியிட்டாங்க. அடுத்த சில நாள்ல 5.11.6 வந்தது, அதுவும் இதே அப்டேட்டர் பிரச்சினைக்குத்தான்.

ஒண்ணு கவனிங்க: இந்தத் தாக்குதலை இன்டர்நெட்ல எங்கயோ உக்காந்துட்டு நேரா பண்ண முடியாது. ஏதோ ஒரு வழியில உங்க மேக்குக்குள்ள ஏற்கனவே கால் வெச்சிருக்கணும். ஆனா உள்ள வர்றதும் மேல ஏறுறதும் சேர்ந்ததுதான் ஒரு முழுத் தாக்குதல்.

4. ஜூம் மட்டும் இல்ல

2018 அக்டோபர்ல விண்டோஸ்ல ஓடுற சிஸ்கோ வெபெக்ஸ்ல இதே வகை ஓட்டை வெளிய வந்தது. ரான் போவ்ஸ், ஜெஃப் மெக்ஜங்கின்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது. லாகின் பண்ணியிருக்கிற எந்த யூசரும் அப்டேட் சர்வீஸ்கிட்ட "இந்த ப்ரோக்ராமை ஓட்டு"ன்னு சொன்னா, அது சிஸ்டம் அதிகாரத்துல ஓட்டிடும். வெபெக்ஸ் கையெழுத்து இருந்தாத்தான் ஓட்டும்னு மாத்தினாங்க. 2019 பிப்ரவரில அதுக்கும் ஒரு குறுக்கு வழி வெளிய வந்தது: உண்மையான கையெழுத்தோட இருக்கிற, ஆனா ஓட்டை உள்ள பழைய பதிப்பையே புது அப்டேட் மாதிரி கொடுத்துடலாம். கையெழுத்து அசல்தான். பதிப்பு எண்ணைத்தான் சரியா பார்க்கல.

5. மனசுல வெச்சுக்க வேண்டிய நாலு கேள்வி

உச்ச அதிகாரத்துல ஓடுற எந்த அப்டேட்டரைப் பார்த்தாலும் இதைக் கேளுங்க:

- யார் சொன்னா கேக்குது? யார் வேணா கட்டளை போட முடியுமா?
- கையெழுத்தை எப்படிப் பார்க்குது? அச்சான எழுத்துல பேரைத் தேடுதா, சிஸ்டத்துகிட்ட நேரா "ஆமா, இல்ல"ன்னு பதில் வாங்குதா?
- சோதனை போட்ட ஃபைலும் இன்ஸ்டால் ஆகுற ஃபைலும் ஒண்ணுதானா? நடுவுல யாராவது தொட முடியுமா?
- பழைய பதிப்பைப் புதுசுன்னு ஏமாந்து வாங்கிக்குமா?

நீங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறீங்கன்னா, மூணாவது கேள்வியை இன்டர்வியூல கண்டிப்பா சந்திப்பீங்க. சோதிக்கிற நேரத்துக்கும் பயன்படுத்துற நேரத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் அந்த வகைத் தப்போட அடிப்படை.

6. சரி, அப்டேட்டை நிறுத்திடலாமா?

வேண்டவே வேண்டாம். இந்த ஓட்டைகளை அடைச்சதே அப்டேட்தான். பழைய பதிப்புல உக்காந்திருக்கிற மெஷின்தான் அதிக ஆபத்துல இருக்கு. குறைக்க வேண்டியது அப்டேட்டை இல்ல, சாவி வெச்சிருக்கிற ஆட்களோட எண்ணிக்கையை.

இந்த வார வீட்டுப்பாடம்: வீட்ல எல்லாரோட கம்ப்யூட்டருக்கும் நீங்கதானே ஐடி சப்போர்ட்? இந்த வீக்கெண்ட் அம்மாவோட லேப்டாப்பைத் திறங்க. விண்டோஸ்னா 'சர்வீசஸ்' லிஸ்ட்டைப் பாருங்க. மேக்னா சிஸ்டம் செட்டிங்ஸ்ல 'லாகின் ஐட்டம்ஸ்' பக்கத்துல பின்னணியில ஓட அனுமதி வாங்கின ஆப்களோட லிஸ்ட் இருக்கும். பேர் தெரியாததை உடனே அழிக்காதீங்க, முதல்ல என்னன்னு தேடிப் பாருங்க. ரெண்டு வருஷமா யாரும் தொடாத ஆப்னா முறையா அன்இன்ஸ்டால் பண்ணுங்க. மிச்சம் இருக்கிறதை எல்லாம் அப்டேட் பண்ணிடுங்க.

எத்தனை அப்டேட்டர் இருந்தது, எத்தனையை எடுத்தீங்கன்னு இந்த மெயிலுக்கே ரிப்ளை போடுங்க. அடுத்த எபிசோட்ல வாசிக்கிறோம்.