மரம் செதுக்க மலிவான கத்தி: தெரிவுக் குறிப்புகள்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்துக் கத்தி பழக்கமான கருவியெனினும், வளைந்த அதன் நீண்ட அலகு, செடியின் கிளைகளை வீசி வெட்டுவதற்கென அமைந்ததாதலால், கரண்டி, பொம்மை முதலியவற்றைச் செதுக்கச் சிறு கத்தியே ஏற்றது.

• அலகு: 6 முதல் 9 செ.மீ. நீளமும் நேரான வெட்டுவிளிம்பும் உடைய மெல்லிய அலகு, கைக்கு எளிதில் அடங்குவதோடு மரத்தைச் சீவல் சீவலாக எடுக்கவும் உதவும்.

• எஃகு: இரும்புடன் சிறிதளவு கரிமம் சேர்ந்த கரிம எஃகு, தீட்டுகல்லில் விரைவில் கூர்மை பெறும்; கொல்லர் பட்டறையில் லொறியின் பழைய வில்தகட்டைக் காய்ச்சி அடித்துச் செய்யப்படும் கத்தியும், சுவீடனின் மோரா ஊரில் உருவாகும் மலிவான செதுக்கு கத்திகளிற் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

• வால்: பிடிக்குள் செல்லும் அலகின் தொடர்ச்சியே வால் எனப்படும், அது ஆழமாகச் சென்று ஆட்டமின்றிப் பொருந்தியிருத்தல் வேண்டும். பூட்டில்லாத மடக்குக் கத்தி, அழுத்தும்போது திடீரென மடிந்து விரலை வெட்டக்கூடுமாதலால் தவிர்க்கத்தக்கது.

• சரிவு: இரு பக்கச் சரிவுகளும் கூடும் வெட்டுக்கோணம் 20 முதல் 25 பாகை வரை இருப்பின் மென்மரத்துக்குப் போதுமானது, காய்ந்த தேயிலைக் கட்டை போன்ற வன்மரத்தில் விளிம்பு சிதையாதிருக்கச் சற்று அகன்ற கோணம் தேவை.

• பராமரிப்பு: கரிம எஃகு எளிதில் துருப்பிடிப்பதால், குறிப்பாக டிசம்பர் முதல் பெப்ரவரி வரையிலான வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், பயன்படுத்தியதும் ஈரம் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி, உலர்ந்த இடத்தில், சிறுவர் கைக்கு எட்டாதவாறு வைத்தல் நன்று.