கையகல அட்டையில் ஓர் ஒட்டுப்படம்

வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருவோரின் பேருந்துச் செலவுக்கும் உடனிருப்போரின் தங்கும் செலவுக்கும் உதவும் நிதிக்காக, எங்கள் புற்றுநோய்ப் பிரிவில் சிறு ஒட்டுப்படங்கள் செய்து விற்பனைக்கு வைக்கப்படுகின்றன. செய்வோருள் பலர், கீமோதெரபி மருந்து ஏறி முடியும் வரை நான்கைந்து மணி நேரம் அமர்ந்திருக்கும் நோயாளர்களே. ‘இதைச் செய்யலாமா, என் உடல் இடம் கொடுக்குமா?’ என்று கேட்போருக்காக இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அட்டையின் அளவு 6 அங்குலத்துக்கு 4 அங்குலம். கட்டிலின் மேல் இழுத்துக்கொள்ளும் உணவு மேசையில் அது அடங்கும். வாங்குவோருக்குச் சாதாரணப் புகைப்படச் சட்டமே போதும். அடித்தளத்துக்குப் பழைய திருமண அழைப்பிதழின் தடித்த அட்டை மிகவும் ஏற்றது. அதன் மேல் நாட்காட்டித் தாள், பேருந்துச் சீட்டு, சேலைக் கரையின் துண்டு, பொத்தான், நூல் என எதுவும் வரலாம். (சேலையைக் கத்தரிக்கும் முன் உரியவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது நல்லது.) சரிகைத் துண்டின் ஓரத்தில் முதலில் சிறிது பசை தடவி உலரவிட்டால் இழை பிரியாது. பொத்தானை ஒட்டுவதைவிடத் தைப்பதே உறுதியானது. நீர் கலந்த பசை பட்டதும் தாள் விரிந்து, உலரும்போது சுருங்கும். அதனால் அட்டை வளையும். பின்புறமும் ஒரு தாளை ஒட்டி, கனமான புத்தகத்தின் கீழ் ஓரிரவு வைத்தால் அட்டை நேராக நிற்கும்.

பசையில் நாங்கள் சற்றுக் கண்டிப்பாக இருக்கின்றோம். வீட்டில் காய்ச்சும் மைதாப் பசை பலருக்கும் பழக்கமானது. ஆயினும் அதில் இரண்டொரு நாளில் பூஞ்சை பிடிக்கும். கீமோதெரபி பெற்ற 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைவது வழக்கம். பெரும்பாலோர் அந்நாள்களில் வீட்டில்தான் இருப்பர். அப்போது பூஞ்சையின் நுண்வித்துகள் நுரையீரலைத் தாக்கக்கூடும். உலர்ந்த பூ, இலை, பறவை இறகு ஆகியவற்றையும் இதே காரணத்துக்காகவே தவிர்க்கச் சொல்கின்றோம். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை போதுமானது. கடுமையான நெடி வீசும் ரப்பர் பசை வேண்டா; குமட்டலோடு இருப்பவருக்கு அந்த நெடியே போதும், அன்றைய உணவு தங்காது.

தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே இருப்பவர்கள் கத்தியையும் பிளேடையும் தொட வேண்டா. தாளைக் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் தெரியும் வெள்ளை இழை, கத்தரித்த ஓரத்தைவிட அழகானது என்பது எங்கள் கருத்து. விரலில் காயம் பட்டு அவ்விடம் சிவந்தாலோ, உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட்டை எட்டினாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இராமல் உடனே வந்துவிட வேண்டும்.

பாக்லிடாக்ஸல், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போவதுண்டு. ஆக்ஸாலிபிளாட்டின் பெறுவோருக்குக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டாலே ஊசி குத்தியது போலிருக்கும். கத்தரிக்கோலின் பிடியில் துணி சுற்றிக்கொள்ளலாம். அதுவும் இயலாவிடில் உடனிருப்பவர் கையாகட்டும். எது எங்கே என்பதை மட்டும் நோயாளர் சொல்லட்டும். ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941ஆம் ஆண்டு லியோன் நகரில் புற்றுநோய்க்காகப் பெரும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பின்னர், நெடுநேரம் நின்று தீட்ட இயலாதவரானார். உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களை அமர்ந்தபடியும் படுத்தபடியும் கத்தரித்தார். அவர் காட்டிய இடத்தில் அவர்கள் அவற்றைச் சுவரில் பொருத்தினர். 1954இல் மறையும் வரை அவர் செய்த புகழ்பெற்ற வேலைகள் பல அவ்வாறு பிறந்தவையே. உடனிருப்போர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எது எங்கே என்பதை முடிவு செய்தவர் ஓவியரே. நோயாளர் கோணலாக ஒட்டியதை நேராக்கும் ஆசை நமக்கெல்லாம் உண்டு. அதை அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஊசிக்குழாய், மருந்துக் குழல், கையுறை முதலியன மருத்துவக் கழிவுகள்; அவை அட்டைக்கு வரலாகாது. புற்றுநோய் மாத்திரைகளின் உறைகளும் அவ்வாறே. மருத்துவமனை எண்ணும் பெயரும் அச்சிட்ட சீட்டுகளையும் ஒட்ட வேண்டா.

இனி, நாங்கள் செய்த ஒரு பிழை. முதல் விற்பனையின்போது ஒவ்வோர் அட்டைக்கும் கீழே செய்தவரின் பெயரையும் அவருடைய நோயையும் எழுதி வைத்தோம். வாங்குவோர் மனம் இளகும் என்று எண்ணினோம். அப்படியே அட்டைகளும் விரைவில் விற்றன. நடுவயதுப் பெண்மணி ஒருவர் நாட்காட்டியிலிருந்து கிழித்த ஆறு தேதித் தாள்களைச் சேலைக் கரையின் மேல் வரிசையாக ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் இடையே 21 நாள். அவை எந்த நாள்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பார்ப்பவருக்கு அவை வெறும் எண்கள். அவர் எங்களிடம் வந்து, “டாக்டர், இதை என் படத்துக்காக வாங்குகிறார்களா, என் நோய்க்காகவா?” என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை. அந்தச் சீட்டை அவரே எடுத்துத் தம் பையில் போட்டுக்கொண்டார்.

லண்டனின் ராயல் கலைக் கல்லூரி 1994 முதல் நடத்திய அஞ்சலட்டை விற்பனையில், புகழ்பெற்றவர்களும் மாணவர்களும் அட்டையின் பின்புறத்தில்தான் கையொப்பமிடுவர். வாங்கிய பின்னரே அது யாருடையது என்று தெரியவரும். அம்முறையை நாங்களும் எடுத்துக்கொண்டோம். இப்போது நோயாளர், செவிலியர், துப்புரவுப் பணியாளர், மருத்துவர் எல்லாருடைய அட்டைகளும் பெயரின்றிக் கலந்தே வைக்கப்படுகின்றன, விலையும் ஒன்றே. மருத்துவர்களுடையவை பெரும்பாலும் கடைசியில்தான் விற்கின்றன.

அட்டை தருவது கடமையன்று. தராதவரின் சிகிச்சையில் எந்த வேறுபாடும் இராது. செய்து முடித்தபின் கொடுக்க மனம் வராவிட்டால் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கொடுப்பதாயின் ஒரு நாள் முழுவதும் உலர்ந்த பின், பிளாஸ்டிக் உறையிலிட்டுச் செவிலியரிடம் ஒப்படைக்கலாம். பின்புறத்தில் பெயர் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.